இலவச டொமைன் கொடுத்தவர்களிடமிருந்து வெளியே வந்த கதை

ஒன்பது நாளாக எனக்கு ஒரு மெயில்கூட வரவில்லை. அதை நான் பிரச்சினையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. யாரும் தொந்தரவு செய்யவில்லை, நல்லதுதான் என்று இருந்துவிட்டேன். பத்தாவது நாள் அத்தை மகன் போன் செய்து, "மூணு தடவை மெயில் போட்டேன், மூணும் திரும்பி வந்துடுச்சு, என்னடா ஆச்சு உனக்கு?" என்று கேட்ட பிறகுதான் உட்கார்ந்து பார்த்தேன். என் மெயிலும் என் வலைத்தளமும் ஒரே ஹோஸ்டிங் நிறுவனத்திடம், அதாவது தன் சர்வரில் இடம் வாடகைக்குத் தரும் நிறுவனத்திடம், இருந்தன. சைட் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் புதிதாக ஒரு படத்தை ஏற்றப் போனால் பாதியில் நின்று சிவப்பில் ஒரு வரி வந்தது. அன்றைக்குப் பிடித்த வேலை முடிய ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்தில் நான் தெரிந்துகொண்டதில் பாதியை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

சைட் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. அப்பா பல வருடங்களாகச் சொந்தக்காரர்களுக்கு எழுதிய கடிதங்களை அவரவர் வீட்டிலிருந்து வாங்கி, ஸ்கேன் செய்து, பக்கத்திலேயே தட்டச்சு செய்து போட்டுக்கொண்டு வந்தேன். மொத்தம் 640 பக்கம். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பேர் வந்தால் அது கூட்டம். இதற்கு எது தேவை என்று கேட்டால் இப்போது ஒரே வரியில் பதில் சொல்வேன். அப்போது தெரியாது. அதனால் எல்லோரையும் போல 'சிறந்த 10 ஹோஸ்டிங் நிறுவனங்கள்' வகைக் கட்டுரைகளைப் படித்தேன். ஏழெட்டுக் கட்டுரையில் அதே நான்கு பெயர்கள், வரிசை மட்டும் மாறியிருந்தது. அந்த 'வாங்க' பட்டன் வழியாக நாம் போய் வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன் உண்டு என்பது கட்டுரையின் அடியிலோ தலையிலோ பொடி எழுத்தில் இருக்கும். கமிஷன் வாங்குகிறவர் பொய்தான் சொல்வார் என்று இல்லை. ஆனால் முதல் மாதத்து அனுபவத்தைத்தான் அவர்கள் எழுதுகிறார்கள். ஹோஸ்டிங்கின் சுயரூபம் தெரிவது ரினியூவல் வரும்போதும், ஏதாவது உடையும்போதும், நாம் கிளம்பும்போதும். அந்த மூன்றைப் பற்றியும் எந்தக் கட்டுரையிலும் ஒரு பத்தி இல்லை.

நான் வாங்கியது மூன்று வருடத் திட்டம். மாதக் கணக்கில் கட்டினால் அவ்வளவு விலை, மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் நாலில் ஒரு பங்கு, கூடவே டொமைன், அதாவது சைட்டின் முகவரிப் பெயர், முதல் வருடம் இலவசம். இதைப் பார்த்து யாருக்குத்தான் கை பரபரக்காது. பணம் கட்டும் பக்கத்தில் நான்கு பெட்டிகளில் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. இரண்டில் டிக்கை எடுத்தேன், எஸ்எஸ்எல் சான்றிதழிலும் (சைட்டுக்கும் வாசகருக்கும் நடுவே போவதை யாரும் படிக்காமல் பூட்டுவது) 'பாதுகாப்புக் கவசம்' என்ற ஒன்றிலும் டிக்கை அப்படியே விட்டுவிட்டேன். எஸ்எஸ்எல் இல்லாவிட்டால் சைட் பாதுகாப்பற்றது என்று பிரவுசர் சொல்லும் என்று பயமுறுத்தியிருந்தார்கள், அது உண்மையும்தான். ஆனால் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 டிசம்பரிலிருந்து அதே சான்றிதழை எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது. என் மாதிரி சைட்டுக்கு அதுவே ஏராளம். முதல் வருடம் எஸ்எஸ்எல்லுக்கு நான் கட்டிய தொகை வீண். ஒரு நிறுவனம் சின்னத் திட்டத்தில் எஸ்எஸ்எல்லுக்குத் தனியாகக் காசு கேட்டால், மற்ற எல்லாவற்றுக்கும் அப்படித்தான் கேட்பார்கள் என்று புரிந்துகொள்ளலாம். எனக்குப் புரியவில்லை.

சப்போர்ட் சாட்டுக்கு வருகிறேன். சிவப்பு வரியை அப்படியே ஒட்டிக் காட்டினேன். "உங்கள் கணக்கில் கோப்புகளின் எண்ணிக்கை வரம்பு முடிந்துவிட்டது" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. திட்டத்தின் பெயரிலேயே 'அன்லிமிடெட்' இருக்கிறது, என் சைட் முழுவதும் சேர்த்தால் மூன்று ஜிபிகூட இல்லை. ஆனால் அவர்கள் அளவைச் சொல்லவில்லை, எண்ணிக்கையைச் சொன்னார்கள். இதற்கு ஐநோட் என்று பெயர். ஒரு கோப்பு ஒரு ஐநோட், ஒரு ஃபோல்டரும் ஒரு ஐநோட், அது ஒரு கேபியாக இருந்தாலும் ஒரு ஜிபியாக இருந்தாலும். என் திட்டத்தில் 50,000. என் சைட்டை நடத்திய மென்பொருளான வேர்ட்பிரஸில் ஒரு பெரிய படத்தை ஏற்றினால் அதுவே வெவ்வேறு அளவில் ஏழெட்டுப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். ஆக என் 640 பக்கம் ஐயாயிரம் கோப்பு. வேர்ட்பிரஸும் அதில் சேர்க்கும் துணை நிரல்களான பிளகின்களும் பத்தாயிரத்துக்கு மேல். அந்தச் சர்வரிலேயே இருந்த என் மெயில்கள், ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு வீதம் பதினோராயிரம். மீதி எல்லாம் சைட்டை வேகமாக்க நான் போட்ட கேஷ் பிளகின் சேர்த்து வைத்த குப்பை. வரம்பு முடிந்தால் புதுக் கோப்பு உருவாகாது. புதுக் கோப்பு உருவாகாவிட்டால் மெயில் வராது. ஒன்பது நாள் அமைதிக்குக் காரணம் அதுதான்.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வியாக இதைத்தான் சொல்வேன். எத்தனை ஜிபி என்று கேட்காதீர்கள், அதை அவர்களே பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். எத்தனை கோப்பு என்று கேளுங்கள். விதிமுறைப் பக்கத்தில் 'ஐநோட்' என்ற சொல்லைத் தேடினால் கிடைக்கும். இன்னொன்று, மெயிலை ஹோஸ்டிங்கோடு சேர்த்து வைக்காதீர்கள். இலவசமாகச் சேர்ந்து வருகிறதே என்று நானும்தான் வைத்தேன். சைட் படுத்தால் மெயிலும் படுக்கும், சைட்டை இடம் மாற்றினால் மெயிலையும் சுமந்துகொண்டு போக வேண்டும். அதோடு பகிர்வு ஹோஸ்டிங்கில் அதே சர்வரில் இருக்கும் யாரோ ஒருவர் குப்பை மெயில் அனுப்பினால், அந்த ஐபி முகவரியிலிருந்து போகும் நம் மெயிலும் ஸ்பேம் பெட்டியில் விழலாம்.

அன்றிரவே சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். இந்த இடத்தைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஃபைல் மேனேஜரில் ஃபோல்டர்கள் அகர வரிசையில் இருந்தன. மேலே கேஷ் ஃபோல்டர், கீழே கடைசியில் ஒரு பழைய பிளகின் விட்டுவிட்டுப் போன ஃபோல்டர். இரண்டையும் சேர்த்து அழிக்கலாம் என்று மேலே ஒரு கிளிக், ஷிஃப்டை அழுத்திக்கொண்டு கீழே ஒரு கிளிக். ஷிஃப்டுக்குப் பதில் கன்ட்ரோலை அழுத்தியிருக்க வேண்டும். நடுவில் இருந்த அத்தனையும் நீலமாகியிருந்தன. நான் பார்க்கவில்லை, ஏனென்றால் நான் அடுத்து வந்த கேள்வியைப் படித்துக்கொண்டிருந்தேன்: குப்பைக்கூடைக்கு அனுப்பாமல் நேரடியாக அழிக்கவா? குப்பைக்கூடையில் கிடப்பதும் எண்ணிக்கையில் சேரும் என்று அப்போதுதான் சாட்டில் சொல்லியிருந்தார்கள். பெட்டியில் டிக் போட்டேன். கொஞ்ச நேரம் ஏதோ சுற்றியது. பிறகு சைட்டைத் திறந்தால் வெள்ளைத் தாள். படங்கள் இருந்த 'அப்லோட்ஸ்' ஃபோல்டர், பிளகின்கள், தீம் எல்லாம் போயிருந்தன.

அப்போதும் நான் பெரிதாகப் பதறவில்லை. 'தினசரி தானியங்கி பேக்கப்' என்று திட்டத்திலேயே போட்டிருந்ததே. சாட்டில் கேட்டேன். நான்கு நிமிடம் கழித்துப் பதில் வந்தது. "40,000 கோப்புகளைத் தாண்டிய கணக்குகள் பேக்கப்பில் சேர்க்கப்படுவதில்லை சார்." எப்போதிலிருந்து சேர்க்கவில்லை என்று கேட்டேன். ஐந்து மாதமாக என்றார். அதற்கு முன்னால் எடுத்தவை? அவை 30 நாளில் தானாக அழிந்துவிடும். ஐந்து மாதத்துக்கு முன்பு நாற்பதாயிரத்தைத் தாண்டிய அன்று எனக்கு ஒரு வரி அனுப்பியிருக்கலாமே என்று கேட்டதற்கு, அது விதிமுறையில் இந்த எண் பிரிவில் இருக்கிறது என்று இணைப்புக் கொடுத்தார். போய்ப் பார்த்தேன், இருந்தது. இந்த நிறுவனம் எனக்குச் செய்தது ஏமாற்று இல்லை, அதுதான் எரிச்சல். எல்லாம் எழுதித்தான் வைத்திருந்தார்கள்.

ஹோஸ்டிங் நிறுவனம் எடுக்கும் பேக்கப் அவர்கள் சர்வர் கெட்டுப்போனால் அவர்களுக்கு உதவ. நமக்கு என்று ஒன்றை நாம்தான் எடுத்து, அவர்கள் கட்டடத்துக்கு வெளியே வைக்க வேண்டும். 'கட்டடம்' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்கில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்தபோது, பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே போயின.

டேட்டாபேஸ் தப்பியது. அது அந்த ஃபோல்டர்களுக்குள் இருப்பதில்லை, தனியாக இருக்கும். அதனால் தட்டச்சு செய்த எழுத்து முழுவதும் பிழைத்தது, படங்கள்தான் போயின. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் தேடினேன். என் சைட்டை யார் சேமித்து வைக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன், ஆனால் பாதிக்கு மேல் அங்கே இருந்தது. எல்லாம் பக்கத்தில் காட்டும் சின்ன அளவுப் படங்கள், ஆனாலும் படிக்க முடிந்தது. மீதிக்காக மறுபடி ஒவ்வொரு சொந்தக்காரர் வீடாகப் போய் ஸ்கேன் செய்தேன். வார இறுதி எல்லாம் அதிலேயே போனது. 37 பக்கம் கிடைக்கவே இல்லை. அந்த மூலக் கடிதங்களும் இப்போது யாரிடமும் இல்லை. வேபேக்கில் நாமே ஒரு பக்கத்தைக் கொடுத்துச் சேமிக்கச் சொல்லும் வசதி இருக்கிறது. இப்போது ஒவ்வொரு புதுப் பக்கத்தையும் போட்டவுடன் அங்கே கொடுத்துவிடுகிறேன்.

கிளம்புவது என்று முடிவெடுத்தேன். நாம் கிளம்புவதற்கு இரண்டு சாமான்கள் உண்டு. ஒன்று சைட், இன்னொன்று டொமைன். சைட்டை எப்படியும் எடுத்துவிடலாம். டொமைன்தான் மாட்டிக்கொள்ளும், இலவசமாக வந்த டொமைன் இன்னும் இறுக்கமாக மாட்டிக்கொள்ளும். ஒரு ரெஜிஸ்ட்ராரிடமிருந்து (டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனம்) இன்னொருவரிடம் டொமைனை மாற்ற ஒரு ரகசியக் குறியீடு வேண்டும். அது டொமைன் பதிவில் நாம் கொடுத்திருக்கும் மெயிலுக்கு வரும். நான் கொடுத்திருந்தது எது? அதே டொமைனில் இருந்த, நின்றுபோன என் மெயில்தான். சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை.

சரி, மெயில் முகவரியை மாற்றுவோம் என்று மாற்றினேன். மாற்றிய மறு நிமிடம் 60 நாள் பூட்டு விழுந்தது. காம், நெட், ஆர்க் போன்ற பொதுப் பெயர்களுக்கு விதி வகுக்கும் ஐகேன் அமைப்பின் விதிப்படி, பதிவில் பெயரையோ மெயில் முகவரியையோ மாற்றினால் 60 நாளுக்கு டொமைனை வேறு இடத்துக்கு மாற்ற முடியாது. திருடர்கள் புகுந்து முகவரியை மாற்றி டொமைனைக் கடத்திக்கொண்டு போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். இந்தப் பூட்டு வேண்டாம் என்று மாற்றுவதற்கு முன்பே சொல்லும் வாய்ப்பைச் சில ரெஜிஸ்ட்ரார்கள் தருகிறார்கள். என் திரையிலும் அந்தப் பெட்டி இருந்தது. பணம் கட்டும் பக்கத்தில் டிக் போட்ட இரண்டு பெட்டிகளை அப்படியே விட்ட நான் இங்கே டிக் போடாத பெட்டியைக் கவனிக்கவில்லை.

அந்த அறுபது நாளுக்குள் டொமைனின் இரண்டாம் வருடம் முடிந்தது. வேறு வழியில்லாமல் அவர்களிடமே ரினியூ செய்தேன். வெளியே கேட்கும் விலையைப் போல இரண்டு மடங்கு. கட்டாமல் விட்டிருந்தால் இன்னும் மோசம். காலாவதியான டொமைனை ரெஜிஸ்ட்ரார் நீக்கிவிட்டால் அதன் பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதில் மீட்க வழக்கமான கட்டணத்தைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். அதற்கும் பிறகு ஐந்து நாள், அப்புறம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். முடிவதற்கு ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டு அனுப்ப வேண்டும் என்று ரெஜிஸ்ட்ரார்களுக்கு விதி இருக்கிறது. அதுவும் அந்தப் பதிவு மெயிலுக்குத்தான் போகும்.

ஆகவே டொமைனை ஹோஸ்டிங் வாங்கும் இடத்தில் வாங்காதீர்கள், இலவசம் என்றாலும். தனியாக ஒரு ரெஜிஸ்ட்ராரிடம், உங்கள் பெயரில், அந்த டொமைனோடு சம்பந்தமில்லாத மெயில் முகவரி கொடுத்து வாங்குங்கள். அப்படி இருந்தால் ஹோஸ்டிங் பிடிக்காத நாளில் டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைன் எந்தச் சர்வரைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் பட்டியலில், ஒரு வரியை மாற்றிவிட்டுக் கிளம்பலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இந்தப் பத்தியை மட்டும் படித்துவிட்டு மீதியை மறந்தாலும் எனக்கு வருத்தமில்லை.

புது இடத்தில் டேட்டாபேஸை ஏற்றியபோது தமிழ் முழுவதும் ???? என்று வந்தது. மறுபடி குலை நடுங்கியது. தமிழில் எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். பழைய டேட்டாபேஸ் லத்தீன் எழுத்துகளுக்கான அமைப்பில் இருந்தது. யாரும் சொல்லவில்லை, சைட் சரியாகக் காட்டியதால் நானும் பார்க்கவில்லை. ஏற்றும்போது தமிழ் கேள்விக்குறியாகிவிட்டால் அந்தப் பிரதியில் ஒன்றும் மிச்சமில்லை, எழுத்தே போய்விட்டது. தலையில் கோடும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால் பயப்பட வேண்டாம். ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் ஆகும். அந்த மூன்றையும் தனித்தனி எழுத்தாகத் தப்பாகப் படிப்பதால்தான் அந்தக் கோலம். சரியான அமைப்பைச் சொல்லி மறுபடி ஏற்றினால் தமிழ் திரும்பிவிடும். நல்ல வேளை, பழைய இடத்தில் கணக்கை மூடாமல் வைத்திருந்தேன். அங்கிருந்து மறுபடி எடுத்து, மூன்றாவது முயற்சியில் 'யுடிஎஃப்8எம்பி4' என்ற அமைப்பில் சரியாக வந்தது. புது ஹோஸ்டிங் எடுத்தவுடன் நூறு பதிவு போடுவதற்கு முன், ஒரு தமிழ் வரியும் ஒரு இமோஜியும் போட்டு, டேட்டாபேஸை இறக்கி, நோட்பேடில் திறந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

தமிழ் இணைப்பு முகவரிகளில் இன்னொரு கூத்து. இணைப்பில் வரும் ஒரு தமிழ்க் குறி, உள்ளே சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக மாறுகிறது. வேர்ட்பிரஸ் அதற்கு ஒதுக்குவது 200 இடம். ஆக இருபத்திரண்டு குறிக்கு மேல் வெட்டிவிடும், கொம்பும் புள்ளியும்கூடத் தனிக் குறிதான். என் பழைய இணைப்புகளில் பாதி இப்படி நடுச்சொல்லில் முறிந்தவை. ஆனால் வெளியே பலர் அதைத்தான் பகிர்ந்திருந்தார்கள், அதனால் முறிந்ததை முறிந்தபடியே புது இடத்திலும் வைக்க வேண்டியிருந்தது. முதலிலிருந்தே இணைப்புக்குச் சின்னதாக ஒரு பெயரைக் கையால் கொடுத்துவிடுவது உத்தமம்.

இடம் மாற்றும் நாளில் அவசரப்படாதீர்கள். ஒரு நாள் முன்பே டிஎன்எஸ்ஸில், பழைய பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல் என்ற எண்ணை 300 வினாடியாகக் குறைத்து வையுங்கள், மாற்றம் சீக்கிரம் பரவும். டிஎன்எஸ் பட்டியலை வைத்திருக்கும் நேம்சர்வரையே மாற்றுவதென்றால் காம் பெயர்களுக்கு இரண்டு நாள்வரை சிலருக்குப் பழைய இடமே தெரியும், எனவே பழைய இடத்தை ஒரு வாரமாவது மூடாதீர்கள். நேம்சர்வரை மாற்றும்போது மெயிலுக்கான எம்எக்ஸ் வரிகளையும் புது இடத்தில் எழுத வேண்டும். நான் எழுதவில்லை. நான்கு நாள் மெயில் வராமல் தொலைந்தது. ஏற்கெனவே ஒன்பது நாள் பழகியிருந்ததால் வலிக்கவில்லை.

இப்போது எங்கே வைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். மாதத்துக்கு இரண்டு பக்கம் போடுகிறவனுக்கு வேர்ட்பிரஸே தேவையில்லை என்று கடைசியில் புரிந்தது. எல்லாவற்றையும் டேட்டாபேஸ் வேண்டாத வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாக்கி, இலவசமாக இடம் தரும் கிட்ஹப் பேஜஸில் வைத்துவிட்டேன். சைட் ஒரு ஜிபிக்குள் இருக்க வேண்டும், மாதம் 100 ஜிபி போக்குவரத்து என்று ஒரு மென்மையான வரம்பு உண்டு, வியாபாரத்துக்குக் கூடாது. எனக்கு இதெல்லாம் தாராளம். இலவசம் என்பதால் நிரந்தரம் என்று நினைக்கவில்லை. இலவசமாகப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடியபோது ஏகப்பட்ட பேர் பக்கங்களோடு முகவரியையும் இழந்தார்கள். எனக்கு டொமைன் என் கையில் இருக்கிறது, முழுப் பிரதி என் கணினியில் இருக்கிறது. இவர்கள் நாளை மூடினால் வேறு இடத்தில் ஏற்ற ஒரு மாலை போதும்.

கருத்துரை, தேடல், பல பேர் எழுதுவது என்று வேர்ட்பிரஸ் வேண்டியவர்கள் முதல் ஆறு மாதமாவது மாதக் கட்டணத்தில் இருங்கள், விலை கூடத் தெரிந்தாலும். பணம் திரும்பத் தரும் 30 நாளுக்குள் எந்தக் கோளாறும் வெளியே வராது. அந்த 30 நாளுக்குள் ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள்: சைட்டை முழுதாக இறக்கி வேறு எங்காவது ஏற்றிப் பாருங்கள், அதாவது கிளம்பிப் பாருங்கள். கிளம்ப முடிந்தால் தங்குங்கள். 99.9 சதவீதம் ஓடும் என்ற உத்தரவாதத்தைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கணக்கில் மாதம் 43 நிமிடம் படுக்கலாம், நம் நாற்பது வாசகர்களில் ஒருவர் கவனித்தால் அதிசயம்.

மூன்று வருடத்துக்குக் கட்டியதில் ஒரு வருடம் மிச்சமிருக்கும்போதே நான் வெளியே வந்துவிட்டேன். பணம் திரும்பி வராது. கொஞ்ச நாள் அதை நினைத்துப் புழுங்கிவிட்டு, அந்தக் கணக்கையே ஒத்திகைக் களமாக்கிக்கொண்டேன். மாதம் ஒரு முறை என் பேக்கப்பை எடுத்துப் போய் அங்கே ஏற்றி, திறக்கிறதா என்று பார்க்கிறேன். போன மாதம் திறக்கவில்லை. ஸிப்பைப் பிரித்தபோது தமிழில் பெயர் வைத்திருந்த பதினெட்டுப் படங்களின் பெயர்கள் மட்டும் கந்தலாகியிருந்தன. எல்லாவற்றுக்கும் தேதியும் எண்ணுமாகப் பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கணக்கு முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.